தோற்ற வழக்கும் வென்ற தீர்ப்பும்

குற்றம் செய்யாதவனை அரசு துன்புறுத்தாதிருப்பது பெரிய சிறப்பன்று. குற்றவாளியென்று ஊரார் சுட்டும் ஒருவன் காவலர் கையில் அகப்பட்டுத் துணையின்றி நிற்கும்போது, அவனை அரசு எங்ஙனம் நடத்துகிறது என்பதே ஒரு நாட்டின் நீதிக்கு உரைகல்லாகும். இக்கருத்தை மறுப்பார் இன்று மிகச் சிலரே. ஆயினும், கருத்தளவில் ஏற்ற ஒன்று சட்டமாகி, அச்சட்டம் சிறைக்கதவு வரை சென்று சேர்வதற்கு எத்துணைக் காலம் பிடிக்கும் என்பதை இந்தியக் குடியரசின் வரலாறு நன்கு காட்டுகிறது.

1950 ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தில், குற்றம் சாட்டப்பட்டோருக்கும் தண்டனை பெற்றோருக்கும் காப்பாக அமைந்தவை மூன்று விதிகள். செய்த காலத்தில் குற்றமாக இல்லாத ஒரு செயலைப் பின்னர் இயற்றிய சட்டத்தைக் கொண்டு தண்டித்தலாகாது. ஒரே குற்றத்திற்கு இருமுறை வழக்குத் தொடுத்துத் தண்டித்தலாகாது. குற்றம் சாட்டப்பட்டவனை அவனுக்கெதிராக அவனே சாட்சி சொல்லுமாறு வற்புறுத்தலாகாது. இவை 20-ஆம் விதி கூறுவன. கைதானவனுக்கு அதன் காரணத்தை விரைவில் தெரிவித்தல் வேண்டும். தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் அவரைக் கொண்டு வாதாடவும் அவனுக்கு இடமளித்தல் வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அண்மையிலுள்ள மாஜிஸ்திரேட்டின் முன் அவனை நிறுத்தல் வேண்டும். இவை 22-ஆம் விதி கூறுவன. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது 21-ஆம் விதி. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைக்கு இணங்கவன்றி எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறித்தலாகாது என்பது அதன் சாரம்.

அளவிற் சிறிய விதி அது. ஆனால் அதிலுள்ள ‘சட்டம்’ என்னும் ஒரு சொல்லுக்குப் பொருள் யாது என்று கேட்டு ஒருவர் வழக்காடித் தோற்றார். அவர் கேட்ட பொருளை நாடு ஏற்றுக்கொள்வதற்கு 28 ஆண்டுகள் சென்றன.

இரு சொற்றொடர்கள்

1215-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் ஜான் தன் பிரபுக்களுக்கு அளித்த மகா சாசனத்தில், நாட்டுச் சட்டத்திற்கு மாறாக எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்படுத்துவதில்லை என்ற உறுதி இடம்பெற்றது. 1354-இல் மூன்றாம் எட்வர்டின் காலத்துச் சட்டமொன்றில் இக்கருத்து ‘தக்க சட்டமுறை’ என்னும் பொருள்படும் சொற்றொடராக வடிவெடுத்தது. அச்சொற்றொடரை அமெரிக்கர் 1791-இல் தம் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்திலும், 1868-இல் பதினான்காம் திருத்தத்திலும் அமைத்துக்கொண்டனர்.

1947-இல் இந்திய அரசியல் நிர்ணய சபையின் முன் வந்த முதல் வரைவிலும் ‘தக்க சட்டமுறை’ என்றே இருந்தது. சபையின் அரசியல் சட்ட ஆலோசகரான பி. என். ராவ் அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டரைக் கண்டு உரையாடினார். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இயற்றும் சட்டத்தை நீதிபதிகள் சிலர் செல்லாததாக்கிவிட அச்சொற்றொடர் வழி செய்கிறது. அது மக்களாட்சிக்குப் பொருந்தாது. நீதிமன்றத்தின்மீதும் தாங்கவொண்ணாப் பாரத்தைச் சுமத்துகிறது என்பது பிராங்பர்ட்டரின் கருத்து. அக்கருத்திற்குக் காரணமும் இருந்தது. ரொட்டித் தொழிலாளர் நாளொன்றுக்கு 10 மணி நேரத்திற்கு மேல் உழைக்கலாகாது என்று நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டத்தை, 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே சொற்றொடரைக் காட்டித் தள்ளிவிட்டது. தொழிலாளியின் வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டத்தையே வீழ்த்தக்கூடிய கருவி அது என்பதை அறிந்த இந்தியத் தலைவர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

ஆகவே வரைவுக் குழு அதனை நீக்கி, 1946-ஆம் ஆண்டின் ஜப்பானிய அரசியல் சட்டத்தைப் பின்பற்றிச் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்று மாற்றியது. இரண்டிற்கும் வேற்றுமை என்ன? முன்னது, ஒருவனைச் சிறையிட்ட சட்டம் நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்க இடமளிப்பது. பின்னது, அவ்வாறு ஒரு சட்டம் உண்டா, அதன்படி நடந்தார்களா என்பதோடு நின்றுவிடுவது. இம்மாற்றத்தைச் சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் ஆதரித்தார்; கே. எம். முன்ஷி எதிர்த்தார்.

1948 டிசம்பரில் சபையில் நிகழ்ந்த விவாதத்திற்கு விடையளித்த டாக்டர் அம்பேத்கார், இரு பக்கத்து வாதங்களையும் எடுத்துரைத்தார். கட்சிக்காரர் நிரம்பிய சட்டமன்றம் அடிப்படை உரிமைகளை மிதிக்கும் சட்டங்களை இயற்றக்கூடும். மறுபுறம், தத்தம் விருப்பு வெறுப்புக்கு உட்பட்ட ஐந்தாறு நீதிபதிகளை நம்பிச் சட்டத்தின் நன்மை தீமையை ஒப்படைப்பதும் எளிதன்று. முடிவைச் சபைக்கே விடுவதாக அவர் கூறினார். சபை வரைவுக் குழுவின் சொற்களையே ஏற்றது.

எனினும் அம்பேத்காரின் மனம் அமைதியடையவில்லை. 1949 செப்டம்பரில் அவர் புதியதொரு விதியைக் கொணர்ந்தார். முன்னர் நேர்ந்த குறைக்கு இஃது ஈடு என்று அவரே விளக்கினார். பின்னாளில் 22-ஆம் விதியாக அமைந்தது இதுவே. காரணம் தெரிவித்தல், வழக்கறிஞரைப் பெறுதல், 24 மணி நேரம் என்பன ஏற்கெனவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தவைதாம். ஆனால் சாதாரணச் சட்டத்தில் இருப்பதைச் சட்டமன்றம் என்று வேண்டுமாயினும் நீக்கிவிடலாம்; அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டால் அங்ஙனம் நீக்குதல் எளிதன்று.

அவ்விதியிலேயே ஒரு பெரிய விலக்கும் இருந்தது. விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கப்படுவோருக்கு இவ்வுரிமைகள் இல்லை. அவர்களை மூன்று மாதங்களுக்கு மேல் வைக்க வேண்டுமாயின் ஆலோசனைக் குழுவின் கருத்து தேவை. அதற்கும் விலக்கு அளிக்கப் பாராளுமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. சபை உறுப்பினர் மகாவீர் தியாகி, வரைவுக் குழுவினர் சிறைக் காவலின் அனுபவம் பெற்ற பின்னர் இப்பணிக்கு வந்திருக்கலாகாதா என்று வருந்தினார். இந்த விலக்கு வெகு விரைவில் சோதனைக்கு வந்தது.

கோபாலன் வழக்கு

ஏ. கே. கோபாலன் மலபாரைச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சித் தலைவர். மலபார் அந்நாளில் சென்னை மாநிலத்தின் ஒரு பகுதி. 1947 ஆகஸ்டு 15 அன்று நாடு சுதந்திரம் பெற்றபோது அவர் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். பின்னர் விடுதலையாகி, அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் சிறைப்பட்டார். சாதாரணக் குற்றச் சட்டத்தின்கீழ் அவருக்கு விதித்த தண்டனைகள் ரத்தான பின்னும் அவர் வெளிவர இயலவில்லை. 1950 பிப்ரவரியில் பாராளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 1-ஆம் நாள், சிறைக்குள் இருந்தவரிடமே அப்புதிய சட்டத்தின் கீழான காவல் உத்தரவு கொடுக்கப்பட்டது.

கோபாலன் நேரே உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்தார். அவருக்காக எம். கே. நம்பியார் வாதாடினார். சென்னை மாநிலத்தின் சார்பில் அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயரும், மத்திய அரசின் சார்பில் அட்டர்னி ஜெனரல் எம். சி. செதல்வாடும் எதிர்வாதம் செய்தனர். 21-ஆம் விதியிலுள்ள ‘சட்டம்’ என்பது மன்றம் இயற்றியதையெல்லாம் குறிப்பதன்று. இயற்கை நீதியின் அடிப்படைகளுக்கு ஒத்த சட்டத்தையே குறிக்கும் என்பது நம்பியாரின் வாதத்தில் தலையாய பகுதி.

1950 மே 19-ஆம் நாள் ஆறு நீதிபதிகள் தனித்தனியே தீர்ப்புரைத்தனர். காவலின் காரணத்தை நீதிமன்றத்திற்குக்கூட வெளியிடலாகாது என்ற 14-ஆம் பிரிவை அறுவரும் ஒருமுகமாகச் செல்லாது என்றனர். எஞ்சிய சட்டம் நிலைத்தது. தலைமை நீதிபதி கனியா, பதஞ்சலி சாஸ்திரி, முகர்ஜி, எஸ். ஆர். தாஸ் ஆகிய நால்வரும், சட்டம் என்பது அரசு இயற்றிய சட்டமே என்றனர். ‘தக்க சட்டமுறை’ என்பதை வேண்டுமென்றே நீக்கிய அரசியல் நிர்ணய சபையின் முடிவை நீதிமன்றம் பின்வாசல் வழியே மாற்றலாகாது என்பது அவர்கள் கருத்து. மகாஜனும் பஸல் அலியும் மாறுபட்டனர். கோபாலன் சிறையிலேயே இருந்தார்.

பஸல் அலியின் நான்கு கூறுகள்

மாறுபட்ட இருவருள்ளும் இயற்கை நீதியின் பக்கம் உறுதியாக நின்றவர் சையது பஸல் அலி. நடைமுறை என்ற சொல்லுக்குள்ளேயே நான்கு கூறுகள் அடங்கியுள்ளன என்று அவர் எழுதினார். குற்றச்சாட்டை அறிவித்தல், மறுத்துரைக்க வாய்ப்பளித்தல், நடுநிலையான மன்றம், ஒழுங்கான விசாரணை முறை. இந்நான்கும் இல்லாத ஒன்றை நடைமுறை எனல் தகாது என்பது அவர் முடிபு.

கோவலன் கதையை மாணவர்க்கு எடுத்துரைக்கும் தமிழாசிரியர்க்கு இந்நான்கின் அருமை எளிதில் விளங்கும். கோவலனுக்குக் குற்றச்சாட்டு அறிவிக்கப்படவில்லை. அவன் சொல் கேட்கப்படவில்லை. சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் சொல்லே சான்றாயிற்று. வழக்கை ஆராய்வதற்கு மன்றமும் கூடவில்லை. அரசன் ஆணையே அன்று சட்டம் என்றால், கோவலன் கொலை சட்டத்திற்கு மாறானதன்று. ஆயினும் பாண்டியன் அவ்வாறு கூறித் தன்னைத் தேற்றிக்கொள்ளவில்லை. பிழையுணர்ந்து அரியணையிலேயே உயிர் நீத்தான். ஆணை இருந்தது, நீதி இல்லை என்பதைச் சிலப்பதிகாரம் கண்டது. 1950-இல் பஸல் அலி சொன்னதும் அதுவே.

பஸல் அலியின் பெயர் தமிழர்க்கு வேறொரு வகையிலும் அறிமுகமானது. 1953-இல் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் தலைவர் அவரே. திருவாங்கூரின் தென் வட்டங்கள் 1956-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது அவ்வாணையத்தின் பரிந்துரைப்படியாகும். 1959-இல் அவர் மறைந்தபோது, கோபாலன் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பு தோற்ற தீர்ப்பாகவே சட்டநூல்களில் கிடந்தது.

இடைக்கால இருள்

இடைப்பட்ட ஆண்டுகளில் சிற்சில வெளிச்சங்கள் தோன்றாமலில்லை. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கொன்றில் சான்றில்லாது விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவரின் வீட்டுக் கதவை, போலீசார் இரவு நேரங்களில் தட்டிச் சோதித்து வந்தனர். சட்டத்தின் ஆதரவில்லாத அவ்வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 1962-இல் தடுத்தது. பம்பாயில் காவலில் இருந்த பிரபாகர் சன்ஸ்கிரி என்பவர் அணுவைப் பற்றி மராத்தியில் நூலொன்று எழுதினார். அதை அச்சுக்கு அனுப்ப அரசு மறுத்தது. 1965-இல் உச்ச நீதிமன்றம், காவல் விதிகள் விலக்காத உரிமை அவருக்கு உண்டு என்று கூறிக் கையெழுத்துப்படியை வெளியே அனுப்பச் செய்தது. ஆனால் இவ்விரண்டிலும் அரசு தோற்றது அதற்குத் துணையாகச் சட்டம் இல்லாமையால். இருந்த சட்டம் நியாயமற்றது என்பதால் அன்று.

இவ்வேற்றுமையின் விலை என்ன என்பது 1975-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையில், 21-ஆம் விதியைக் காட்டி நீதிமன்றம் செல்லும் உரிமை நிறுத்தப்பட்டது. காவலில் வைக்கப்பட்டோரின் மனுக்களைப் பல உயர் நீதிமன்றங்கள் ஏற்றன. அரசு மேல்முறையீடு செய்தது. போலீஸ்காரன் ஒருவன் பகைமையால் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும் வரை இல்லை என்பதே அட்டர்னி ஜெனரலின் விடை. 1976 ஏப்ரல் 28-ஆம் நாள் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மறுத்தார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார்; கன்னா பதவி விலகினார்.

1978: சொல் பொருள் பெற்றது

நெருக்கடி நிலை நீங்கி ஆட்சியும் மாறியது. புதிய அரசு மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பொதுநலம் கருதி எனக் கூறிக் கைப்பற்றி, காரணம் தெரிவிக்க மறுத்தது. 1978 ஜனவரி 25-ஆம் நாள் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம், 21-ஆம் விதி கூறும் நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும். மனம்போன போக்கில் அமைந்தது நடைமுறையே ஆகாது என்று தீர்ப்பளித்தது. பஸல் அலியின் கருத்து இவ்வாறு நாட்டின் சட்டமாயிற்று. அத்தீர்ப்பை எழுதிய பி. என். பகவதி, 1976-இல் அரசின் பக்கம் நின்ற நால்வருள் ஒருவர் என்பதும் குறிப்பிடத் தக்கது. அவ்வாண்டே நிறைவேறிய 44-ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆம் விதிகளை நிறுத்தி வைக்கலாகாது என்று வரையறுத்தது. 1976-ஆம் ஆண்டின் தீர்ப்பு பிழையானது என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட மன்றம் வெளிப்படையாகக் கூறி அதனைத் தள்ளியது.

கதவு திறந்தபின் உள்ளே முதலில் நுழைந்தவர்கள் சிறைவாசிகளே. 1978 ஏப்ரலில், போலீஸ் விசாரணையின்போதே மௌனம் காக்கும் உரிமை உண்டு என்று முடிவாயிற்று. ஆகஸ்டில், பட்டச் சான்றிதழ்களைப் போலியாக உருவாக்க முயன்ற வழக்கில் தண்டனை பெற்ற பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் தீர்ப்பின் நகல் அவருக்குக் காலத்தில் கிடைக்கவில்லை என்பதைக் கண்டு, தண்டனை பெற்ற ஒவ்வொருவருக்கும் தீர்ப்பின் நகலை விலையின்றி அளித்தலும், மேல்முறையீட்டிற்கு வறியவர்க்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்துதலும் அரசின் கடமை என்று விதித்தது.

அதே மாதத்தில் டில்லி திகார் சிறையிலிருந்து வந்த சுனில் பத்ரா வழக்கு முடிவுற்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டவர் அவர். 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தைக் காட்டிச் சிறை அதிகாரிகள் அவரைத் தனிமைச் சிறையில் அடைத்திருந்தனர். தனிமைச் சிறை என்பது தனியொரு தண்டனை. அதை நீதிமன்றமன்றிச் சிறை அதிகாரி விதித்தலாகாது என்பது தீர்ப்பு. அவ்வழக்கோடு சேர்த்து, இரவும் பகலும் இரும்புத் தளையோடு கிடந்த வெளிநாட்டுக் கைதி ஒருவரின் மனுவும் விசாரிக்கப்பட்டது. 21-ஆம் விதி ‘குடிமகன்’ என்று கூறாமல் ‘எவரும்’ என்று கூறுவதன் பயன் அவருக்குக் கிட்டியது.

இத்தீர்ப்புகள் பலவற்றில் பங்கு கொண்ட நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் பாலக்காட்டில் பிறந்து தலைச்சேரியில் வழக்கறிஞராக இருந்தவர். 1948-இல் தாமே ஒரு மாதம் சிறையிலிருந்தவர். வரைவுக் குழுவினர்க்குச் சிறை அனுபவம் வேண்டும் என்று மகாவீர் தியாகி விரும்பினார். அவ்வனுபவம் இறுதியில் நீதிபதியின் ஆசனத்திற்கு வந்து சேர்ந்தது.

மலாயாவும் சிங்கப்பூரும்

1956-இல் மலாயாவிற்கு அரசியல் சட்டம் வகுக்க அமைந்த ரீட் ஆணையத்தில், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக் ஓர் உறுப்பினர். 1957-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 5-ஆம் விதியும், சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 9-ஆம் விதியும் இந்தியாவின் 21, 22-ஆம் விதிகளுக்கு நெருங்கிய உறவுடையன. கைதின் காரணம், வழக்கறிஞர், மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துவதற்கான கால வரம்பு ஆகிய மூன்றும் அவற்றிலும் உள; அவ்வரம்பு மலாயாவில் 24 மணி நேரம், சிங்கப்பூரில் 48 மணி நேரம். ‘சட்டத்திற்கு இணங்கவன்றி’ என்ற சொற்களும் உள. ஆகவே இங்கும் அதே வினா எழுந்தது: சட்டம் என்பது எது?

1980-இல் சிங்கப்பூரிலிருந்து சென்ற போதைப்பொருள் வழக்கொன்றில், லண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு விடையளித்தது. சட்டம் என்ற சொல் இயற்கை நீதியின் அடிப்படை விதிகளையும் உள்ளடக்கியது என்பதே அவ்விடை. மேல்முறையீடு செய்தவர்கள் தோற்றனர். அவர்களுக்கு விதித்த மரண தண்டனை உறுதியாயிற்று. எனினும் அவர்கள் வழக்கில் எழுதப்பட்ட விளக்கம் பின்வந்தோர்க்குப் பயன்பட்டது. கோபாலனும், சான்றிதழ் வழக்கின் ஆசிரியரும் தோற்றவர்களே. குற்றம் சாட்டப்பட்டோரின் உரிமை வரலாற்றில், உரிமையை நாட்டியவர் ஒருவரும் அதன் பயனைத் துய்த்தவர் வேறொருவருமாக இருத்தல் அரிதன்று.

எழுதப்பட்டதும் எட்டியதும்

வரலாறு இத்துடன் இனிதே முடிந்துவிடவில்லை. 1979 ஜனவரியில் பீகார்ச் சிறைகளைப் பற்றிப் பத்திரிகையில் வெளிவந்த செய்திகளைக் கொண்டு, கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் பெறக்கூடிய தண்டனைக் காலத்தினும் மிகுதியான ஆண்டுகள் விசாரணையே இன்றிச் சிறையில் கிடந்த ஏழைகள், பெண்களும் உள்ளிட்டு, அங்கே பலர் இருந்தனர். விரைந்த விசாரணையும் 21-ஆம் விதியின் பகுதியே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பலரை விடுவித்தது. ஆயினும் 2022-ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகளே. அஃதாவது, ஏறத்தாழ நால்வரில் மூவர் தண்டனை பெறாதவர்கள்.

பீகாரில் அகப்பட்டிருந்த அம்மக்களுக்கு உரிமை இல்லாமலில்லை. 29 ஆண்டுகளாக அரசியல் சட்டத்தில் அது அச்சேறியிருந்தது. ஆனால் தமக்கு அப்படியொன்று உண்டு என்று அவர்கட்குச் சொல்வார் இல்லை. தாமே படித்தறியவும் அவர்களிற் பலர்க்கு எழுத்தறிவில்லை. காரணத்தைக் கேள், வழக்கறிஞரை அழை, 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகச் சொல் என்னும் மூன்று செய்திகளும் ஐந்தாம் வகுப்பு மாணவனும் மனத்திற் கொள்ளத் தக்க அளவு எளியன. அவற்றைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு அறிஞர் பலர் ஆண்டுக்கணக்கில் வாதாடினர். அவற்றை மக்கள் அறியச் செய்யும் பணி நீதிமன்றத்தினுடையதன்று, பள்ளிக்கூடத்தினுடையது.